கற்பனைக் கூட்டாட்சி நாடு: கஜானா சாவியை மறந்தவர்கள்

நாவலுக்கோ விளையாட்டுக்கோ ஒரு கூட்டாட்சி நாட்டைப் புதிதாக உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். முதலில் வரைபடம். அப்புறம் ஏழு மாநிலங்கள் (ஏன் எப்போதும் ஏழு?), ஏழு கொடிகள், ஏழு விலங்குச் சின்னங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் மத்திய அரசுக்கும் ஒரு மாநிலத்துக்கும் சண்டை மூட்ட வேண்டியிருக்கும். எதற்காகச் சண்டை என்று கேட்டால் பதில் இருக்காது. முதலமைச்சர் கெட்டவர் என்று எழுதிச் சமாளிப்பார்கள்.

ஆறு மலையேறுவது, மழைக்காட்டை ஒட்டியே காரணமில்லாமல் பாலைவனம் விரிவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். முதல் வாசகரே பிடித்துவிடுவார். வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கிற தவறுகள் வேறு.

பணம் யாரிடம் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். நூறு பக்கம் எழுதிய பிறகு கண்டுபிடித்தால் நூறு பக்கத்தையும் திருத்த வேண்டிவரும். ஆனாலும் புதிதாக எழுத வருபவர்களில் பாதிப்பேர் இதில்தான் விழுகிறார்கள். கொடியின் நீலம் எந்த நீலம் என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள், சுங்க வரியை யார் வசூலிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 1781-ல் நடைமுறைக்கு வந்த அவர்களின் முதல் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் மத்திய காங்கிரசுக்கு, அதாவது அவர்களின் நாடாளுமன்றத்துக்கு, வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் பங்கு கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். இறக்குமதிப் பொருட்களுக்கு 5 சதவீதச் சுங்கம் விதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும் என்பது விதி. இருப்பதிலேயே சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்தது, யோசனை செத்தது. அடுத்த முயற்சியை நியூயார்க் முடக்கியது. காரணம் எளிது. பெரிய துறைமுகம் அதனிடம் இருந்தது; பக்கத்திலிருந்த நியூஜெர்சிக்குப் போகும் சரக்கின் சுங்கமும் அதன் பெட்டியில்தான் விழுந்துகொண்டிருந்தது. கடுப்பான நியூஜெர்சி, 1786-ல், தன் பங்கைத் தரமாட்டேன் என்று காங்கிரசுக்குச் சொல்லிவிட்டது.

அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே, கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். அடக்கப் படை வேண்டும். மத்திய அரசிடம் காசில்லை. கடைசியில் பாஸ்டன் வணிகர்கள் தங்கள் பணத்தைப் போட்டுப் படை கிளம்ப வழி செய்தார்கள். சட்டியில் இல்லை, அகப்பையில் வரவில்லை.

1794-க்கு வாருங்கள். மேற்கு பென்சில்வேனியாவில் சாராய வரிக்கு எதிராகக் கலகம். இந்தமுறை சுமார் 13,000 பேர் கொண்ட படை கிளம்பியது. வழியில் ஒரு பகுதி வரை குடியரசுத் தலைவர் வாஷிங்டனே குதிரையில் உடன் போனார். இடையில் எட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதேபோன்ற மேற்கத்திய விவசாயிகள், அதேபோன்ற கோபம். முக்கியமாக மாறியது வரி அதிகாரம்: 1787-ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட புதிய அரசமைப்பு, மத்திய அரசுக்கு நேரடியாக வரி வாங்கும் உரிமையைக் கொடுத்திருந்தது. வரைபடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. கதையில் மட்டும் எல்லாமே வேறாகிவிடும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. எல்லாப் பணமும் தலைநகரில், மாநிலத் தலைவரை நியமிப்பதும் மாற்றுவதும் தலைநகரம், சட்டமும் அங்கிருந்தே. அப்படியானால் அது மாநிலம் இல்லை, தலைப்பாகை கட்டிய மாவட்டம். கூட்டாட்சி என்ற சொல்லை அடித்துவிட்டுப் பேரரசு என்று எழுதிக்கொள்ளலாம். அதில் தப்பில்லை, நல்ல கதைகள் அதிலும் வரும்.

வழி என்ன? வரைபடத்துக்கு முன்பே ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் பன்னிரண்டு விஷயங்களை எழுதுங்கள்: சுங்கம், வருமான வரி, நில வரி, மது, படை, காவல்துறை, நீதிமன்றம், பள்ளி மொழி, பாசனம், காடு, சுரங்கம், ரயில். எதிரே மூன்று கட்டங்கள்: சட்டம் போடுவது யார், காசு வாங்குவது யார், களத்தில் நடத்துவது யார். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் அந்த வரியில் கதை இல்லை. சட்டம் ஒருவர், செயல்படுத்துவது வேறொருவர் என்று வரும் வரிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஜெர்மனியில் மத்திய அரசு போடும் சட்டங்களில் பெரும்பாலானவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில நிர்வாகங்கள்தான். இந்தியாவில் நாடாளுமன்றம் போட்ட குற்றவியல் சட்டத்தின்படி வழக்குப் பதிவது மாநிலக் காவல் நிலையம். மனமில்லாத ஒரு மாநிலம் அந்த இடைவெளியில் என்னென்ன செய்யலாம் என்று யோசித்தாலே நாலு அத்தியாயம் கிடைக்கும்.

அப்புறம் உப்பு மூட்டைச் சோதனை. கடற்கரை மாநிலத்தின் உப்பளத்திலிருந்து சமவெளி மாநிலம் வழியாக மலை மாநிலச் சந்தைக்கு ஒரு மூட்டையைக் கற்பனையில் அனுப்புங்கள். அடக்கவிலை 100 காசு. கடற்கரை மாநிலத்தின் உற்பத்தி வரி 5. விற்கும் இடத்தில் மத்திய அரசின் உப்பு வரி 10. ஆனால் கூட்டமைப்பில் சேர்ந்தபோது செய்த உடன்படிக்கைப்படி மலை மாநிலத்துக்கு மட்டும் அதில் விலக்கு. சமவெளியைக் கடக்கும் சரக்குக்குச் சாவடிக் கட்டணம் 3. சமவெளியில் மூட்டை 115-க்கு விற்கும். மலைக்கென்று சீட்டு வாங்கிய மூட்டைக்கு ஆகும் செலவோ 108. என்ன நடக்கும்? மலைச்சீட்டு வாங்கிய மூட்டைகளில் பாதி மலையேறாது. மலையடிவாரத்தில் இருட்டில் இறங்கி 115-க்கே விற்கும், மூட்டைக்கு 7 லாபம். அடிவாரத்தில் திடீரென்று மாடி வீடுகள் முளைத்த ஒரு கிராமம், சாவடியில் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு குமாஸ்தா, கணக்கில் ஆளுக்கு மாதம் ஒரு மூட்டை உப்பு தின்னும் மலைமக்கள் எல்லாம் அந்த 7 காசிலிருந்து தானாகவே வந்துவிடும். கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் வரிசை கட்டி நிற்கும் மதுக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எஞ்சிய அதிகாரம்

பட்டியலில் இல்லாத விஷயம் யாருக்குச் சேரும்? அமெரிக்காவில் 10-வது திருத்தத்தின்படி மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. இந்தியாவில் 248-வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு. உங்கள் கதையில் மாயமந்திரமோ பறக்கும் கப்பலோ அரசமைப்பு எழுதிய பிறகு வருகிறதென்றால் இந்த ஒரு வரிதான் உங்கள் கதையின் அச்சாணி. பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை.

எல்லா மாநிலமும் ஒரே நாளில், ஒரே நிபந்தனையில் சேர்ந்ததாக எழுதுவது

பேரம் பேசாமல் யாரும் சேர்வதில்லை. பசிபிக் கரையிலிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா 1871-ல் கனடாவில் சேர்ந்தபோது பத்தாண்டுக்குள் ரயில் பாதை வேண்டும் என்று எழுதி வாங்கியது. கடைசி ஆணி அடிக்கப்பட்டது 1885-ல்தான், அதற்குள் பிரிந்துபோவோம் என்ற மிரட்டலும் வந்துபோனது. பிரின்ஸ் எட்வர்ட் தீவு 1873-ல் சேர்ந்தபோது கேட்டது, நிற்காத நீராவிக் கப்பல் போக்குவரத்து. அது அரசமைப்புக் கடமையாகவே நிலைத்ததால், கப்பலுக்குப் பதில் பாலம் கட்ட 1993-ல் கனடா தன் அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. பவேரியா 1871-ல் ஜெர்மன் பேரரசில் சேர்ந்தும் தன் அஞ்சல் துறையை விட்டுக்கொடுக்கவில்லை; 1890-ல் மியூனிக்கில் ஒருவர் கடிதம் போட்டால் பவேரிய அஞ்சல்தலைதான் ஒட்ட வேண்டும். மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்கள் குடிநுழைவுக் கட்டுப்பாட்டை இன்றும் கையில் வைத்திருக்கின்றன. கோலாலம்பூர்க்காரர் அங்கே வேலை பார்க்கத் தன் சொந்த நாட்டுக்குள்ளேயே அனுமதி வாங்க வேண்டும்.

உங்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டே வரி போதும்: எந்த ஆண்டு சேர்ந்தது, என்ன கேட்டு வாங்கியது. எல்லோரும் சமமாகச் சேர்ந்த நாட்டில் பொறாமைக்கு இடமிருக்காது.

ஆற்றை வெறும் எல்லைக்கோடாக வரைவது

கூட்டாட்சியில் ஆறு என்றால் கணக்கு வழக்கு. மேலே இருப்பவரிடம் தண்ணீர், கீழே இருப்பவரிடம் பழைய ஒப்பந்தம். 1922-ல் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டன: மேல் படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி), கீழ்ப் படுகைக்கும் அதேயளவு. கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் வழக்கத்தைவிட மழை அதிகமான ஆண்டுகள். ஆக, ஆற்றில் இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டுக் கையெழுத்திட்டார்கள். அந்தத் தகராறு நூறாண்டு தாண்டியும் ஓடுகிறது. 1934-ல் பார்க்கர் அணை கலிபோர்னியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டப்பட்டபோது, அரிசோனா ஆளுநர் தன் மாநிலப் படையை அனுப்பி வேலையைத் தடுத்தார். படையினர் ஏறிப்போன படகுகள் கம்பிவடத்தில் சிக்கிக்கொள்ள, எதிராளிகளே வந்து இழுத்துவிட வேண்டியிருந்தது. இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்பார்கள்.

ஆகவே ஆற்றுக்கு மூன்று எண்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம் போட்டபோது ஓடிய நீர், சராசரி நீர், பஞ்ச ஆண்டின் நீர். முதல் எண் பெரிதாக இருந்தால் கதை உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

மேலவை

அலங்காரத்துக்கு வைக்காதீர்கள். அமெரிக்காவில் சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்துக்கும் குறைவான வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர். நம் மாநிலங்களவையில் உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1. ஜெர்மனியில் மாநிலத்துக்கு 3 முதல் 6 வாக்கு, உட்காருவது மாநில அரசின் ஆட்களே, ஒரு மாநிலத்தின் வாக்குகளைப் பிரித்துப் போடவும் முடியாது. இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்து உங்கள் குட்டி மாநிலம் அடிமையாகவோ ஆட்டிவைப்பவராகவோ மாறும்.

ஒரு மாநிலத்துக்கு ஒரு குணம்

வடக்கே வீரர்கள், தெற்கே வணிகர்கள், மலையில் சாமியார்கள். சலிப்பாக இருக்கிறது. மொழி, மதம், உணவு, தொழில் நான்கும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் நாடு நீடிப்பது கடினம், ஏனென்றால் எந்தச் சண்டை வந்தாலும் அதே இரண்டு கூட்டம்தான் மோதும். சுவிட்சர்லாந்தில் மொழிக்கோடு ஒரு பக்கம், மதக்கோடு இன்னொரு பக்கம் போகிறது. மொழியால் எதிரியாக இருப்பவர் மதத்தால் நம்மவர். பெர்ன் மாநிலத்தில் ஜெர்மன் பேசுவோருடன் இருந்த பிரெஞ்சுப் பகுதி பிரியக் கிளம்பியபோது என்ன ஆயிற்று தெரியுமா? கத்தோலிக்கர் மிகுந்த வடபகுதி 1979-ல் ஜூரா என்று தனி மாநிலமானது. அதே பிரெஞ்சு பேசும், ஆனால் புராட்டஸ்டன்ட் மரபுள்ள தென்பகுதி பெர்னோடுதான் இருப்போம் என்று வாக்களித்தது. மொழி மட்டுமே அடையாளம் என்று எழுதியிருந்தால் இந்தக் கிளைமாக்ஸ் வந்திருக்காது.

வரைபடத்தில் மொழிக்கு ஒரு நிறப் பென்சில், மதத்துக்கு ஒன்று, சோறா ரொட்டியா என்பதற்கு ஒன்று எடுத்து, மாநில எல்லையைப் பார்க்காமல் கோடு இழுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஊரில் உங்கள் நாயகியைப் பிறக்க வையுங்கள்.

கொடி

கடைசியில் வரையுங்கள்.

தண்டவாளம் எல்லையில் ஒழுங்காக ஒட்டிக்கொள்வது

ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் தனித்தனியாக ரயில் போட்டன. நியூ சவுத் வேல்ஸில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1600, குயின்ஸ்லாந்தில் 1067. சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஒரே வண்டியில் போக முடியாது. எல்லையிலிருக்கும் ஆல்பரியில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி, நீளமான நடைமேடையில் நடந்து, எதிரே நிற்கும் வேறு அகலத்து வண்டியில் ஏற வேண்டும். 1901-ல் நாடு ஒன்றானது. பயணிகள் இறங்கி ஏறுவது 1962 வரை தொடர்ந்தது. கதாபாத்திரங்கள் சந்தித்துக்கொள்ள, பெட்டி மாறிப்போக, ஒற்றர் பின்தொடர, இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? உங்கள் நாட்டிலும் ஏதாவது ஒன்று எல்லையில் பொருந்தாமல் இருக்கட்டும். எடைக்கல்லாக இருக்கலாம், பள்ளி விடுமுறையாகவும் இருக்கலாம்.

தலைநகரை நட்டநடுவில் வைப்பது

ஆஸ்திரேலிய அரசமைப்பின் 125-வது பிரிவு, தலைநகரம் நியூ சவுத் வேல்ஸில்தான் இருக்க வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இருந்த போட்டி அப்படியே சட்ட வாசகமாகிவிட்டது. கான்பெராவுக்கு நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தது 1927-ல். உங்கள் தலைநகருக்கு இடம் குறிப்பதற்கு முன், எந்த இரண்டு ஊர்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க மறுத்தன, அதற்காக எத்தனை மைல் தள்ளி வைத்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.