வார இறுதித் தலைமைத்துவ முகாமுக்குப் போகும் இளைஞர் கழகப் பிள்ளைகளுக்கு

முகாம் அறிவித்தல் வந்ததும் பல கழகங்களில் நடப்பது ஒன்றுதான். தலைவர் ஒருவரின் பெயரைக் கொடுப்பார், அவர் தனியே போய் வருவார், சான்றிதழ் வீட்டுச் சுவரில் ஏறும், கழகம் இருந்த இடத்திலேயே இருக்கும். தனியே போனவர் வந்து சொல்வதற்கு ஒத்துப் பேச ஊரில் இன்னொருவர் இல்லாததே காரணம். முடிந்தால் இரண்டு பேரை அனுப்பக் கேளுங்கள், ஒரு பெடியன், ஒரு பெட்டை. இடம் ஒன்றுதான் என்றால், போகிறவர் யாருடைய பிரச்சினையைக் கொண்டு போகிறார் என்பதையாவது கழகம் கூடித் தீர்மானிக்கட்டும்.

புறப்பட முந்திய கிழமையில் அரை மணித்தியாலம் கூடினால் போதும். கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து கடைசி மூன்று கூட்டத்துக்கும் வந்தவர்களை எண்ணுங்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்து. பொருளாளரிடம் கையிருப்பைக் கேட்டு எழுதுங்கள். பிறகு ‘எங்கள் கழகத்தில் எது ஓடவில்லை?’ என்று கேட்டு, அதிகம் பேர் சொன்ன ஒன்றை மட்டும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். முகாமில் குழு வேலை தொடங்கும்போது மற்றவர்கள் ‘போதைப்பொருள்’, ‘வேலையின்மை’ என்று நாட்டுப் பிரச்சினையை எடுப்பார்கள். இரண்டு நாளில் அதற்கு ஒரு முடிவும் வராது. உங்கள் கையில் கணக்கோடு ஒரு ஊர்ப் பிரச்சினை இருந்தால் முழுக் குழுவும் அதையே எடுத்துக்கொள்ளும்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தில் முகாம் நடக்கும் இடம், தொடங்கும் முடியும் நேரம், பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, மருந்து ஆகியவை இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனித் தங்குமிடமும் இரவில் கூடத் தங்கும் பெண் பொறுப்பாளரும் உண்டா என்று பெற்றோரே போன் எடுத்துக் கேட்கட்டும். தெளிவான பதில் வராத முகாமுக்கு அனுப்ப வேண்டாம்.

பயணத்தில் சிக்கல் வருவது திரும்பும்போதுதான். வன்னியில் ஏ9 வீதியில் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் பஸ் கிடைக்கும். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பக்கமோ, பரந்தனில் இறங்கி புதுக்குடியிருப்புப் பக்கமோ போய், அங்கிருந்து உள்ளூருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கடைசி பஸ்தான் கணக்கு. சான்றிதழ் வழங்கல், விருந்தினர் உரை என்று ஞாயிறு பின்னேரம் இழுபடும், பொழுதுபட்டால் காட்டோர வீதிகளில் யானை இறங்கும். எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று முதலே கேட்டு, உங்கள் கடைசி பஸ் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். திரும்பும் பஸ் காசைக் கைச்செலவுக் காசோடு சேர்க்காமல் அடையாள அட்டை உறைக்குள் வையுங்கள். தேசிய அடையாள அட்டை இன்னும் எடுக்காதவர்கள் பாடசாலை அடையாள அட்டையைக் கொண்டு போகலாம்.

பையில்: மூன்று உடுப்பு, குளிக்கச் சாரம் அல்லது பாவாடை (கிணற்றடியில் மறைப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்), துவாய், பெட்சீற், ரோச் லைற், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், 80 பக்கக் கொப்பி, இரண்டு பேனை, வழமையாகக் குடிக்கும் மருந்து, இரண்டு ஜீவனிப் பைக்கற் (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). பெண் பிள்ளைகள் நாள் இல்லாவிட்டாலும் நாப்கின் வைத்திருங்கள், மாதவிடாய் முந்தி வரவும் கூடும். நகை வேண்டாம். பல இடங்களில் கிணற்று நீர் கடினம், சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறாகும். வெள்ளி இரவே வீட்டில் முழுகிவிட்டுப் போவது நல்லது. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பைக்கற் முழுவதையும் அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் ஒரே தடவையில் கரையுங்கள். பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும்.

நுளம்பு வலை கட்டாயம். மண்டப நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. கடித்த இடம் பெரிதாக நோகாது, வீங்காது, அதனால் பூச்சி என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவார்கள். வலையின் விளிம்பைச் சுற்றிவரப் பாயின் கீழ் செருகினால் நுளம்பும் வராது, பாம்பும் வராது. சந்தேகம் என்றாலே பொறுப்பாளரை எழுப்புங்கள். வெட்டவோ இறுக்கிக் கட்டவோ விடாமல் 1990 அம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. விறகுக்கோ, ஒதுங்கவோ, படம் எடுக்கவோ பாவனையில் இல்லாத காணிக்குள்ளும் பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் வெடிக்காத பொருட்கள் இருக்கக்கூடும். கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். குளத்தில் குளிக்க யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம், துருசடியில் (தண்ணீர் திறந்துவிடும் மதகடியில்) ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

இனி மண்டபத்துக்குள். இளைஞர் கழகத்தில் 13 முதல் 29 வயது வரை சேரலாம். அதனால் உங்கள் குழுவில் 15 வயதுப் பிள்ளையும் 27 வயது அண்ணாவும் பக்கத்தில் இருப்பார்கள், அண்ணாவே பேசி முடிப்பார். இதற்கு வழி, குழு அமர்ந்தவுடனேயே எழுதுபவர், நேரம் பார்ப்பவர், பேசுபவர் என்று மூன்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு அமர்விலும் ஆளை மாற்றக் கேட்பது. கூச்சம் உள்ளவர்கள் சனிக்கிழமை நேரம் பார்க்கும் வேலையை எடுங்கள். ‘அண்ணா, உங்கட மூன்று நிமிஷம் முடிஞ்சுது, அடுத்தது தங்கச்சி’ என்று நாலு தரம் சொன்னால் குரல் பழகிவிடும். ஞாயிறன்று பேசுபவராக எழும்பலாம்.

பிரச்சினை மரம் எல்லா முகாமிலும் வரும். அடிமரம் பிரச்சினை, வேர் காரணம், கிளை விளைவு. அநேகமானோர் கிளையை அழகாக வரைவார்கள், வேரை ஒரு வரியில் முடிப்பார்கள். வேரில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு உதாரணம்: ‘கூட்டத்துக்குப் பெண் பிள்ளைகள் வருவதில்லை.’ ஏன்? வீட்டில் விடுவதில்லை. ஏன்? கூட்டம் முடிய இருட்டிவிடும். ஏன்? ஆறு மணிக்குத்தான் தொடங்குகிறது. ஏன்? கிரிக்கெட் முடிந்த பிறகுதான் பெடியள் வருவார்கள். ‘பெண்களுக்கு ஆர்வமில்லை’ என்று தொடங்கிய கதை, கூட்டத்தை ஞாயிறு மூன்று மணிக்கு மாற்றுவது என்று முடிகிறது. ஒரு சதம் செலவில்லை. இப்படிச் செய்யக்கூடிய ஒன்றில் போய் நிற்கும்வரை ‘ஏன்’ கேளுங்கள்.

குழுவின் முடிவை டிமைத் தாளில் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) கறுப்பு அல்லது நீல மார்க்கரால், இரண்டு விரல் அகல உயரத்தில், தாளுக்கு ஆறு வரிக்கு மேற்படாமல் எழுதுங்கள். மஞ்சளும் பச்சையும் பின்வரிசைக்குத் தெரியாது. பேசும்போது முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், வணக்க உரை வேண்டாம். மைக்கை வாயிலிருந்து ஒரு கைமுட்டித் தூரத்தில் பிடியுங்கள். வேறு மாவட்டத்துச் சிங்களப் பிள்ளைகள் வந்திருந்தால் இரண்டு வசனத்துக்கு ஒருதரம் நிறுத்தி மொழிபெயர்ப்பவருக்கு இடம் விடுங்கள்.

சனி இரவு தீப்பாசறை முடிந்ததும் படுத்துவிடுங்கள். விடிய விடியக் கதைத்திருந்தவர்கள் ஞாயிறு காலை, செயற்திட்டம் எழுதும் நேரத்தில்தான் தூங்கி விழுவார்கள். யாராவது தகாத விதமாக நடந்தால், அவர் பயிற்றுநராக இருந்தாலும், வீட்டுக்குச் சொல்லுங்கள், அல்லது சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழையுங்கள். போனை வாங்கி வைக்கும் முகாம் என்றால், வீட்டுக்குப் பேச எந்த நேரம் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

செயற்திட்டத்தை 30 நாளுக்குள் முடியும் ஒன்றாக எழுதுங்கள்: என்ன, யார், எந்தத் திகதி, எவ்வளவு காசு, யாரிடம் அனுமதி. ‘விழிப்புணர்வு ஏற்படுத்தல்’ என்று எழுதினால் யாரும் தொடங்க மாட்டார்கள். ஊர் திரும்பி ஏழு நாளுக்குள் கூட்டம் வையுங்கள். முகாமின் கதையை இருபது நிமிஷத்தில் முடித்து, மீதி நேரத்தில் அங்கே செய்த ‘ஏன்’ கேள்வியை உறுப்பினர்களோடு செய்யுங்கள். தெருவிளக்குப் போன்ற வேலை என்றால் கடிதம் பிரதேச சபைக்குப் போக வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்குங்கள், அதைக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள், இரண்டு கிழமையில் பதில் இல்லாவிட்டால் அந்தப் பிரதியோடு நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் பிரதேச இளைஞர் சேவை அதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுத்து வைத்தால், அடுத்த முறை அலுவலகத்தில் அவரும் கேட்பார்.