பிரசவ நேரத்துத் தொற்றும் குழந்தையின் மூளையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு மூளை பாதிப்பு என்றதும், "பிறந்ததும் அழவில்லையா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூச்சுத்திணறல் மட்டுமே காரணம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கருப்பைக்குள் கிருமித்தொற்று ஏறினால், அதை எதிர்க்கக் கிளம்பும் அழற்சி குழந்தையின் மூளையையும் தாக்கலாம். அப்படி அழற்சி பட்ட மூளை, ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் அதிகம் அடிபடுவதை எலிக்குட்டிகளில் பார்த்திருக்கிறார்கள். தொற்று வந்த தாய்மாரின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபத்து அதிகம் குறைமாதக் குழந்தைகளுக்குத்தான்.

பனிக்குடம் உடைந்த பிறகும், "வலி வரட்டும், போகலாம்" என்று வீட்டிலேயே இருக்காதீர்கள். 18 மணி நேரம் தாண்டினால் தொற்று அபாயம் கூடியதாக மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலும் சிறுநீர்தான் என்று விடாமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பிரசவ வலியின்போது உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதை வலியின் சூடு என்று ஒதுக்கக்கூடாது. கர்ப்பகாலச் சிறுநீர்த் தொற்றுக்குத் தந்த மாத்திரையை, எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்துவதும் தவறு.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்தது. காய்ச்சல் இல்லை, அதனால் தொற்றும் இல்லை என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சில்லிட்டும் போகலாம். பால் குடிக்காமல், எழுப்பினாலும் சரியாக அசையாமல் கிடக்கும் குழந்தையை, "சமத்தாகத் தூங்குது" என்கிறோம். நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளே இழுப்பது எல்லாமே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள். வலிப்பு என்றால் கைகால் வெட்ட வேண்டும் என்றில்லை. கண் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, வாயைச் சப்பிக்கொண்டே இருப்பது, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை அசைப்பதுகூட வலிப்பாக இருக்கலாம்.

தொப்புளில் சாம்பல், சாணம், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

அப்புறம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் குழந்தையின் கால் விளங்காமல் போகும் என்ற பயம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைக் குத்துவார்கள். மூளைக்காய்ச்சலை உறுதிசெய்ய அந்தப் பரிசோதனை தேவை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதும் அதைப் பொறுத்தது. மூளைக்காய்ச்சல் வந்து தேறிய குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்து நிற்பது, உட்காருவது தாமதமானால், "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் செய்வான்" என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் பிசியோதெரபியை உடனே தொடங்குங்கள்.