படையெடுப்பா, விடுதலையா? பிற நாடுகளை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தே தாரிக் தேநீருடன் உட்கார்ந்தால், உக்ரேன், காஸா, இலங்கை என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் தவறாக.

தவறு வினைச்சொல்லிலேயே தொடங்குகிறது. நமக்குப் பிடித்த நாட்டின் படை எல்லை தாண்டினால் 'நுழைந்தது'. பிடிக்காத நாட்டின் படை என்றால் 'ஆக்கிரமித்தது'. ஒரு பக்கத்தில் மக்கள் 'உயிரிழந்தனர்', மறுபக்கத்தில் 'கொல்லப்பட்டனர்'. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் சென்றது. கோவாவை ஆண்டுவந்த போர்ச்சுகல் அதைப் படையெடுப்பு என்றது. கோவாவோ இன்றும் டிசம்பர் 19ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. சுமார் 450 ஆண்டுக் காலனி ஆட்சியை நினைத்தால் எனக்கும் விடுதலை என்றுதான் படுகிறது. ஆனால் நாளை வேறொரு நாடு 'எங்கள் மண்ணை மீட்கிறோம்' என்று கிளம்பினால் எந்த அளவுகோலை எடுப்பேன்? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் முதல் தீர்ப்பைச் சொல்லக் கூடாது. செய்தியில் உள்ள நாடுகளின் பெயர்களை மறைத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். சில நேரம் நம் கோபமே பக்கம் மாறிவிடும்.

அடுத்தது, 'அவன் மட்டும் யோக்கியமா?' என்ற கேள்வி. 2022இல் ரஷ்யாவைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது 2003இல் அமெரிக்கா ஈராக்குக்குள் புகுந்ததை இழுப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஈராக் தவறு என்றால் உக்ரேனும் தவறு என்றுதானே பேச்சு முடிய வேண்டும்? எங்கள் மேசையில் அது 'ஆகவே இதுவும் சரி' என்று முடிகிறது. குற்றம்சாட்டுபவர் பாசாங்குக்காரராகவே இருக்கட்டும். குண்டு விழுந்த வீடு விழுந்ததுதான்.

சொந்த நாட்டுக்குச் சலுகை தருவதுதான் கண்ணுக்குத் தெரியாத தவறு. சிங்கப்பூரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்து போல் பாட் ஆட்சியைக் கவிழ்த்தது. அது பல லட்சம் பேரைப் பலிகொண்ட ஆட்சி. ஆனாலும் வெளிநாட்டுப் படை வந்து ஓர் அரசை மாற்றக் கூடாது என்று சிங்கப்பூர் எதிர்த்தது. 1983இல் நட்பு நாடான அமெரிக்கா கரீபியன் தீவு நாடான கிரெனடாவில் படையை இறக்கியபோது, அதைக் கண்டித்த ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானத்துக்கு ஆதரவாகச் சிங்கப்பூர் வாக்களித்தது. 2022 மார்ச்சில் ரஷ்யாவுக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்த 141 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. தன் பங்குக்குத் தடைகளும் விதித்தது. சிறிய தீவுக்கு எல்லைக்கோடு உயிர்நாடி என்பதால் இதை நான் மதிக்கிறேன்.

பெருமை பேசும் நண்பர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். கம்போடியாவின் ஐ.நா. இருக்கை 1980களில் போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கம் இடம்பெற்ற தரப்பிடமே இருக்க, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் சேர்ந்து நாமும் துணைநின்றோம். 2003இல் ஈராக் விஷயத்தில் அமெரிக்காவின் பக்கம் நின்றோம். காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அப்படிக் காரணம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பொறுமையை வேறு நாடுகளுக்குக் கொடுக்கிறோமா? மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது வீட்டுக்கு மட்டும் சொன்னதல்ல.

தமிழர்களாகிய நமக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு. இலங்கையைப் பற்றி 'உலகம் ஏன் வாய்மூடி இருந்தது' என்று கேட்கிறோம். வேறொரு நாட்டுச் சிறுபான்மையினர் அதையே கேட்டால் 'அது உள்நாட்டு விவகாரம்' என்கிறோம்.

எல்லாப் போர்களுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பதில்லை. சூழல் மாறினால் தீர்ப்பும் மாறலாம். மாறியதற்குக் காரணம் சூழல்தானா, பாசமா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அரசையும் அதன் மக்களையும் ஒன்றாகவே பார்ப்பதைப் பற்றி உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. இலங்கைப் போர் முடிந்த 2009 மே மாதம், என்னுடன் வேலை பார்த்த ஒரு சிங்களவரோடு சில வாரங்கள் பேசாமல் இருந்தேன். அவர் யாருக்கு வாக்களித்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் மின்தூக்கியில் அவர்தான் முதலில் பேசினார், சாப்பிட்டாயிற்றா என்று.