சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருகிறதா? ஸ்டாஃப் தொற்றை நிறுத்தப் படிப்படியான வழி

அக்குளில் ஒரு கட்டி வருகிறது. பழுத்து, உடைந்து, ஆறிவிடுகிறது. சில வாரம் கழித்துத் தொடையில் இன்னொன்று. அது ஆறி முடிவதற்குள் வீட்டில் குழந்தைக்கு முழங்காலில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் மாத்திரை, ஒவ்வொரு தடவையும் குணம், அப்புறம் மறுபடியும் கட்டி. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது நீங்கள் அழுக்காக இருப்பதால் வருவதில்லை. இந்தக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) என்ற பாக்டீரியா, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே சுமார் 10 பேரில் 3 பேருடைய மூக்கில் குடியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தோலில் ஒரு கீறலோ, ஷேவிங் காயமோ, சொறிந்த இடமோ கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடுகிறது.

ஆகவே மாத்திரை கட்டியை ஆற்றுகிறது, ஆனால் கிருமி மூக்கிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் அப்படியே இருக்கிறது. துண்டிலும் படுக்கை விரிப்பிலும் இருக்கிறது. பல சமயம் பக்கத்தில் படுப்பவர் மூக்கிலும் இருக்கிறது. கட்டியை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் இது முடியாது. கிருமி தங்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

தொடங்கும் முன்: எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு வேகமாகப் பரவுவது, கட்டியிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறுவது, பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் தாங்க முடியாத வலி, கண்ணைச் சுற்றி அல்லது மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வீக்கம், மூட்டு வீங்கி அசைக்க முடியாமை, காய்ச்சலோடு கடுமையான முதுகுவலி, மனக்குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டாஃப் ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குச் சின்னக் கட்டியாக இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, நேரத்தையும் குறித்து வையுங்கள். கோட்டைத் தாண்டிப் போகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

படி 1: இப்போது இருக்கும் கட்டியைப் பிதுக்காதீர்கள்

கை அரிக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அழுத்தும்போது சீழ் வெளியே வருவதோடு ஆழத்திலும் பரவும், உங்கள் விரலிலும் ஒட்டும். அந்த விரல் அடுத்து எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சின்னக் கட்டி என்றால், சுத்தமான துணியை வெந்நீரில் (சுடாத அளவு) நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். இதை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். ஒரு தடவை பயன்படுத்திய துணியைத் துவைக்காமல் மறுபடி தொடாதீர்கள். சீழ் கோத்துப் பெரிதாகிவிட்டால் மருத்துவர்தான் கீறி வடிக்க வேண்டும். சீழ்க்கட்டிக்கு முதல் வைத்தியம் அந்தக் கீறல்தான். ஆன்டிபயாட்டிக் தேவையா, எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி. வடித்த பிறகு காயம் முழுவதும் மறையும்படி கட்டுப் போட்டு வையுங்கள். கட்டு நனைந்தால் மாற்றுங்கள். பழைய கட்டை ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

படி 2: சீழைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்

திரும்பத் திரும்ப வருபவர்கள் பலரும் தவறவிடுவது இதைத்தான். "டாக்டர், இது அடிக்கடி வருகிறது, சீழைக் கல்ச்சருக்கு அனுப்ப முடியுமா?" இந்த ஒரு கேள்வி போதும். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது சில நாளில் தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் 1959-இல் புழக்கத்துக்கு வந்தது. 1961-இலேயே அதற்கு அடங்காத ஸ்டாஃப் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. எம்ஆர்எஸ்ஏ என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான் இது. போன தடவை கொடுத்த மாத்திரையையே இந்தத் தடவையும் வாங்கிப் போட்டுக்கொள்வது எம்ஆர்எஸ்ஏ விஷயத்தில் வீண் வேலையாகிவிடலாம். முடிவுத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்து எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அதைக் காட்டுங்கள்.

படி 3: வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரே இடத்தில் மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் அங்கேயே ஏதோ இருக்கலாம்: தோலுக்கு அடியில் தங்கிய முள் போன்ற ஒன்று, அல்லது வால் எலும்புக்கு மேலே பிட்டப் பிளவில் வரும் பைலோனிடல் கட்டி. இரண்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறி வந்து, தழும்பும் துளைகளும் விட்டுப் போகிறது என்றால் அது ஹைட்ராடினைட்டிஸ் சப்புரட்டிவா என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கான வைத்தியமே வேறு. இந்தக் கட்டுரையில் உள்ளவை அதற்குப் போதாது.

ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். எக்சிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) உள்ளவர்கள் அதற்கான சிகிச்சையை விடாமல் தொடருங்கள். வெடித்த, அரிக்கும் தோல் ஸ்டாஃபுக்குத் திறந்த வாசல். சின்ன வயதிலிருந்தே இப்படிக் கட்டிகளும் நுரையீரல் தொற்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால் எதிர்ப்புச் சக்திக்கான சோதனைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 4: ஐந்து நாள் கிருமி நீக்கம்

இதுதான் மையமான வேலை. இப்போதுள்ள காயம் ஓரளவு ஆறிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். இதில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்க வேண்டும்.

முதலாவது மூக்கு. 2 சதவீத மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நாள். தீக்குச்சித் தலை அளவு களிம்பைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, ஒரு நாசித் துவாரத்தின் உட்பக்கத்தில் முன்பகுதியில் தடவுங்கள். மற்றதற்குப் புதிய குச்சி. அப்புறம் மூக்கின் இரு பக்கத்தையும் மெல்ல அழுத்தி விடுங்கள், களிம்பு உள்ளே பரவும். ஆழமாகக் குத்த வேண்டியதில்லை. ஐந்து நாள் முடிந்தால் நிறுத்திவிடுங்கள். மீதி இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தடவினால் கிருமி அதற்கும் பழகிவிடும், அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும்போது அது வேலை செய்யாது.

இரண்டாவது உடம்பு. 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் தினம் ஒரு முறை குளியல். இப்படிச் செய்யுங்கள்: தலைமுடியையும் முகத்தையும் வழக்கமான ஷாம்பு, சோப்பால் முதலிலேயே கழுவி முடித்துவிடுங்கள். உடம்பை நனைத்துக்கொண்டு தண்ணீரை நிறுத்துங்கள். கழுத்துக்குக் கீழே எல்லா இடமும் கரைசலைத் தடவுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பிட்டப் பிளவு, தொப்புள், கால்விரல் இடுக்கு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். ஓடும் தண்ணீரில் உடனே கழுவிவிட்டால் பயனில்லை. பிறகு நன்றாக அலசுங்கள். அதற்கு மேல் சோப்புப் போட்டால் தோலில் தங்கியிருக்கும் மருந்தும் போய்விடும்.

எச்சரிக்கை: இந்தக் கரைசல் கண்ணிலும் காதுக்குள்ளும் படவே கூடாது, பாதிப்பு கடுமையாக இருக்கும். வாய்க்கும் பிறப்புறுப்பின் உட்பகுதிக்கும் ஆகாது. அரிதாகச் சிலருக்குக் கடும் அலர்ஜி வரும். தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கழுவிவிட்டு உதவி தேடுங்கள். கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் பயன்படுத்த வேண்டாம்.

படி 5: அதே ஐந்து நாளில் துணியும் பொருள்களும்

மூக்கையும் உடம்பையும் சுத்தம் செய்துவிட்டுப் பழைய துண்டால் துடைத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்? இந்த ஐந்து நாளும் குளித்ததும் துவைத்த துண்டு, துவைத்த உடை. தலையணை உறை, படுக்கை விரிப்பையும் தினம் மாற்றுங்கள். துணி தாங்கும் என்றால் 60 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். குளோர்ஹெக்சிடின் பட்ட துணியைக் குளோரின் ப்ளீச்சில் போடாதீர்கள், போகாத பழுப்புக் கறை பிடிக்கும்.

முதல் நாளே பழைய ரேசரைத் தூக்கி எறியுங்கள். பல முறை விரல் விட்டு எடுத்த க்ரீம் டப்பாக்களையும்தான். பம்ப் வைத்த பாட்டில் நல்லது. ரேசர், துண்டு, சீப்பு, நகவெட்டி எல்லாம் ஆளுக்கு ஒன்று. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த பரப்புகளில் ஸ்டாஃப் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே கை அடிக்கடி படும் கதவுக் கைப்பிடி, குழாய், ஃபோன், ரிமோட், டாய்லெட் இருக்கை ஆகியவற்றைத் துடையுங்கள். சுவரையும் கூரையையும் தேய்க்கத் தேவையில்லை. சக்தியைக் கை படும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டில் எல்லோரும் ஒன்றாக

2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஸ்டாஃப் தொற்று வந்த குழந்தைகளின் குடும்பங்களை இரண்டு பிரிவாக்கியது. ஒன்றில் குழந்தைக்கு மட்டும் கிருமி நீக்கம், மற்றதில் வீட்டில் எல்லோருக்கும். ஓராண்டுக்குள் மறுபடி தோல் தொற்று வந்தவர்கள் முதல் பிரிவில் 72 சதவீதம், இரண்டாவதில் 52 சதவீதம். குடும்பமாகச் செய்தால் பலன் கூடுகிறது. கூடவே, முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் அந்த எண் சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் மனம் உடையாது.

எனவே வீட்டில் இன்னொருவருக்கும் கட்டி வந்திருந்தால், எல்லோருக்கும் சேர்த்து மருந்து எழுத மருத்துவரிடம் கேளுங்கள். எல்லோரும் அதே ஐந்து நாளில் செய்ய வேண்டும். ஒருவர் இந்த வாரம், ஒருவர் அடுத்த வாரம் என்றால் கிருமி ஆள் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஒத்துழைக்காத ஒருவர் எப்படியும் இருப்பார். அவரோடு சண்டை போடுவதைவிட, அவர் துண்டையும் படுக்கை விரிப்பையும் நீங்களே மாற்றிவிடுங்கள்.

படி 7: அடுத்த சில மாதங்கள்

கிருமி சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப வந்து குடியேறலாம். அதனால் சின்னச் சின்னப் பழக்கங்கள் தேவை. கீறல் பட்டால் உடனே கழுவி மூடுங்கள். கட்டி வரும் இடத்தில் ஷேவ் செய்வதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள், அல்லது தோலைத் தொடாத டிரிம்மருக்கு மாறுங்கள். உராயும் இறுக்கமான உடையைத் தவிருங்கள். விளையாட்டு, ஜிம் முடிந்ததும் குளியுங்கள். அங்குள்ள விரிப்பில் உங்கள் துண்டைப் போட்டுப் படுங்கள்.

சிலருக்கு மருத்துவர்கள் ப்ளீச் குளியல் சொல்வதுண்டு: சுமார் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சாதாரண வீட்டு ப்ளீச், 15 நிமிடம், வாரம் இரண்டு முறை, சுமார் மூன்று மாதம். ப்ளீச்சின் அடர்த்தி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் என்பதால் உங்கள் பாட்டிலைக் காட்டி அளவு கேட்ட பிறகே செய்யுங்கள். நீர்க்காத ப்ளீச் தோலில் படக் கூடாது. டாய்லெட் ஆசிட், அமோனியா கலந்த கிளீனர் எதோடும் அதைச் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தடுப்புக்காக என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிடும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். நிபுணர் வழிகாட்டுதல்களும் அதை வழக்கமான வழியாகப் பரிந்துரைப்பதில்லை.

மறுபடி வந்தால்?

ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, உடம்பில் எந்த இடம், வீட்டில் யாருக்கு, என்ன மருந்து எடுத்தீர்கள். ஃபோனில் படமும் எடுங்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே மருத்துவரிடம் போய், மறுபடியும் கல்ச்சர் கேளுங்கள். மியூபிரோசினுக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதையும் சோதிக்க முடியுமா என்று விசாரியுங்கள். இரண்டு முறை ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் அந்த நோட்டோடு தோல் மருத்துவரையோ தொற்றுநோய் நிபுணரையோ பாருங்கள். எந்த இடைவெளியில், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று அதைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு.