தொழிலுக்கு மடிக்கணினி: பின்னால் மாற்ற முடியாததற்கே முதல் பணம்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் லிந்தாங் செல்லும் சாலையோரம் என் மாமா செம்பனைப் பழக் கொள்முதல் நிலையம் நடத்துகிறார். சின்னத் தோட்டக்காரர்கள் லோரியில் குலைகளைக் கொண்டுவருவார்கள்; எடை போட்டு, சீட்டு எழுதி, மாலையில் ஆலைக்கு அனுப்ப வேண்டும். சென்ற மாதம் அவருடைய பழைய கணினி மூச்சை நிறுத்திக்கொண்டது. உடனே எனக்கு அழைப்பு வந்தது.

"மாப்பிள்ளை, ஐ7 போட்டதாக ஒன்று பார்த்து வாங்கிவிடு. விலையைப் பார்க்காதே."

விலையைப் பார்க்காதே என்று மாமா சொன்னால், வாங்கி வந்த பிறகு பார்ப்பார் என்று பொருள். எனக்கு அதைவிடப் பெரிய அச்சம் வேறு. 2022இல் என் கணக்கு எழுதும் வேலைக்கு நானே ஒரு மடிக்கணினி வாங்கி, ஒன்றரை ஆண்டில் அதைத் தங்கையின் பிள்ளைக்குப் பள்ளிப் பாடத்துக்குக் கொடுத்தவன் நான். அந்தச் சூட்டின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

முதல் படி: ஒரு தாளை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் கணினியில் ஒரே நேரத்தில் என்னென்ன திறந்திருக்கும் என்று எழுதுங்கள். மாமாவின் பட்டியல் இது: எடைமேடை மென்பொருள், கணக்கு மென்பொருள், எக்செல், பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்கள், வாட்ஸ்அப், அவ்வப்போது வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம். இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி இறங்கிவந்தது. தாளில் எழுத வேண்டிய மற்றொன்று, கணினியில் எவையெல்லாம் செருகப்படும் என்பது. பிரின்டர், எடைமேடை, பெரிய திரை, விரல்ரேகைக் கருவி என எதையும் விடாதீர்கள். இந்த வரியை நான் மேலோட்டமாக எடுத்துக்கொண்டதால் என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: மாறுவது எது, மாறாதது எது

மடிக்கணினியில் சில உறுப்புகளைப் பின்னால் மாற்றலாம். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டைப் பெரும்பாலும் மாற்றலாம். பேட்டரியைப் பணம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். மவுஸ், வெளித்திரை எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கணினியின் மூளையான பிராசசர், திரையின் தரம், செருகுவாய்கள் ஆகியவற்றை மாற்ற முடியாது. இப்போதைய கணினிகள் பலவற்றில், திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகமான ரேமும் அப்படித்தான். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் மாறாதவற்றின் மீது போடுங்கள். 1 டிபி வட்டுக்காக ரேமைக் குறைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாம் படி: ரேம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

2022இல் நான் பார்த்த கணினியில் 8 ஜிபி ரேம். விளம்பரத் தாளில் "16 ஜிபி வரை" என்று அச்சிட்டிருந்தது. விற்பனையாளரும் "பிறகு ஏற்றிக்கொள்ளலாம் அண்ணே" என்றார். ஓராண்டு கழிந்தது. மாதக் கடைசியில் நாலு பேருடைய கணக்குகளை ஒன்றாகத் திறந்தால் சுட்டி நகரவே யோசித்தது. 8 ஜிபி ரேம் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு ஈப்போவில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனேன். பத்துத் திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கணினியை என் பக்கம் திருப்பி, "பட்டையை எங்கே மாட்டச் சொல்கிறீர்கள்?" என்றார். தாய்ப்பலகையின் நடுவில் ஒரு சிறிய தகரத் தகடு மட்டும் பளபளத்தது. ரேம் சில்லுகள் அதன் அடியில் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. மாட்டுவதற்கு இடமே இல்லை.

"16 ஜிபி வரை" என்றால் அந்த வரிசையில் 16 ஜிபியோடு விற்கப்படும் கணினியும் உண்டு என்று பொருள். நீங்கள் வாங்கும் கணினியில் 16 ஆக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு 2,199 ரிங்கிட் ஆனது.

கடையிலேயே சோதிக்கும் வழி இது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைத் தொடுங்கள். கீழே சிறிய எழுத்தில் "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய பட்டை. "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் பலகையோடு பற்றவைத்தது. எல்பிடிடிஆர்5 என்ற வகை ரேம் அநேகமாக எப்போதும் பற்றவைத்தே வரும். விவரத் தாளில் அந்த "எல்பி" இரண்டெழுத்தைக் கண்டால் நின்று யோசியுங்கள்.

இரண்டும் கலந்த வகையும் உண்டு. 8 ஜிபி பற்றவைத்திருக்கும், பக்கத்தில் ஒரு பட்டைக்கு இடம் இருக்கும். அது எனக்கு ஏற்புடையதே. ஆனால் டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்தால் இந்தக் கலப்பு தெளிவாகத் தெரியாது. கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, தயாரிப்பாளரின் விவரத் தாளைத் தேடுங்கள். லெனோவோவுக்குப் பிஎஸ்ரெஃப் என்ற தளம், எச்பிக்குக் குவிக்ஸ்பெக்ஸ் என்ற ஆவணம். வரிசையின் பெயரை மட்டும் தேடினால் போதாது, ஒரே பெயரில் பத்து விதமான கணினிகள் இருக்கும். காட்சிக்கு வைத்ததும் பெட்டியில் தருவதும் ஒரே எண்தானா என்பதையும் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? தொழிலுக்கு 16 ஜிபி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. 8 ஜிபி என்று எழுதியிருந்தாலும் அதில் ஒரு பங்கை வரைகலை எடுத்துக்கொள்ளும், வின்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சுவது சொச்சம்தான்.

நான்காம் படி: பிராசசர்

மாமா கேட்ட ஐ7க்கு வருவோம். இன்டெல் பிராசசர்களில் ஐ5, ஐ7 என்ற முன்னெழுத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் வயது இருக்கிறது. ஐ5 1235யூ என்றால் 12ஆம் தலைமுறை. ஐ7 8550யூ என்றால் 8ஆம் தலைமுறை. கணக்கு எழுதுவதற்குப் புதிய ஐ5 போதும், பழைய ஐ7ஐவிட நல்லது. கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும். எச் என்றால் சூடும் விசிறிச் சத்தமும் கூடும். எடை போடும் கொட்டகையில் மதியம் இரண்டு மணிக்கு எச் வகையை வைத்தால் அது விசிறி ஓட்டவே பிறந்ததுபோல் இரையும்.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யூவில் அது 2, அதாவது ஸென் 2 என்ற 2019ஆம் ஆண்டு வடிவமைப்பு. 7530யூவில் அது 3, ஸென் 3. ஒரே ஒரு இலக்கம்தான் வேறு, ஆனால் உள்ளே இருப்பது வேறு ஆள். 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமோடு மட்டுமே வரும், ஆகவே மூன்றாம் படியின் சிக்கலும் கூடவே வரும்.

புதிதாக வரும் இன்டெலின் கோர் அல்ட்ரா, செயற்கை நுண்ணறிவு எழுத்துகளெல்லாம் எடைமேடைச் சீட்டுக்குத் தேவையில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கும்.

வட்டு, திரை, விசைப்பலகை

வட்டுக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி. வின்டோஸ் அதை 476 என்று காட்டும், ஏமாற்றுவேலை இல்லை, எண்ணும் முறை வேறு. இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்பு வகை) என்று எழுதியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திரை 1920க்கு 1080 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் மங்காத ஐபிஎஸ் வகை. கணக்கு எழுதுபவருக்கு எண் விசைகள் தனியாக இருக்க வேண்டும் என்பதால் நான் 15.6 அங்குலத்தின் கட்சி. தூக்கிக்கொண்டு அலைபவர்கள் 14 அங்குலம் எடுத்து, எண் விசைப்பலகையைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: செருகுவாய்கள், எடைமேடையின் கதை

மாமாவின் எடைமேடைக் காட்டியிலிருந்து வரும் கம்பியின் நுனியில் ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய ஆர்எஸ்-232 முனை இருக்கிறது. இப்போதைய மடிக்கணினிகளில் அதற்கான வாய் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதை யுஎஸ்பியாக மாற்றும் கம்பி ஒன்றை இணையத்தில் 12 ரிங்கிட்டுக்கு வாங்கி வைத்திருந்தேன், கெட்டிக்காரன் என்ற நினைப்பு. வாங்கிய கணினியைக் கொட்டகையில் வைத்துச் செருகினேன். வெளியே மூன்று லோரிகள் காத்திருந்தன. எடை வரவில்லை. செருகிய கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம். அந்தச் சில்லு 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பழைய சில்லையோ அதன் போலியையோ வைத்துச் செய்த கம்பி. கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர், புதியதாக இருந்தால், அதைச் சேர்த்துக்கொள்ளாது.

அன்று முழுக்க மாமா கையால் சீட்டு எழுதினார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு போட்ட கம்பியை நம்பகமான கடையில் வாங்கிய பிறகு எல்லாம் ஓடியது. டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண்ணை (அந்தக் கம்பிக்கு வின்டோஸ் கொடுக்கும் எண்) பார்த்து, எடைமேடை மென்பொருளிலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். கம்பியை ஒரே யுஎஸ்பி வாயில்தான் எப்போதும் செருக வேண்டும். இடம் மாறினால் எண்ணும் மாறலாம். நான் அந்த வாயைச் சுற்றிச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு வட்டம் போட்டுவிட்டேன். அத்தையின் நகப்பூச்சு.

யுஎஸ்பி-சி வாய் வழியே மின்னேற்றும் வசதியும் இருக்கட்டும். சார்ஜர் கெட்டால் தனி ஊசி தேடி அலைய வேண்டாம். இடி பற்றியும் சொல்ல வேண்டும்: பிற்பகலில் வானம் இருண்டால் சார்ஜரையும் எடைமேடைக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் தடுப்புப் பலகை இருக்கிறது என்ற தைரியம் மின்கம்பிக்குத்தான் சரி, வெளியிலிருந்து வரும் எடைமேடைக் கம்பிக்கு அது காவல் இல்லை.

ஆறாம் படி: வாரண்டி

தலைநகரில் இருப்பவர்கள் இதைப் படிக்காமல் தாண்டலாம். நம் ஊரில் இருப்பவர்கள் இரண்டு முறை படியுங்கள். "கேரி-இன்" என்றால் கணினியை நீங்கள்தான் சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். "ஆன்சைட்" என்றால் ஆள் உங்கள் இடத்துக்கு வருவார். தொழில்முறை வரிசைகளான லெனோவோவின் திங்க்பேட், எச்பியின் எலைட்புக் போன்றவற்றுக்கு ஆன்சைட் சேர்த்து வாங்கலாம். ஐ5க்கும் ஐ7க்கும் உள்ள விலை வேறுபாட்டை இதில் போடுங்கள். வாங்கும் முன் உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி, அங்கே வருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி பற்றி ஒரு சொல்: ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறை வரிக் கழிவில் கணினியைக் காட்டலாம் என்பது சொந்தப் பயன்பாட்டுக்குத்தான். தொழிலுக்கு வாங்கியதை அங்கே காட்டாதீர்கள், அது தொழில் கணக்கில் மூலதனப் பொருளாக வர வேண்டியது. ரசீதும் தொழிலின் பெயரில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1

பழையது வாங்கலாமா என்று பீடோங்கிலிருந்து ஒருவர் கேட்டார். தாராளமாக. அலுவலகங்கள் கழித்த திங்க்பேட் டி480 எனக்கு மிகவும் பிடித்தது, ரேமுக்கு இரண்டு இடம் இருக்கிறது. ஆனால் அவர் வாங்கியது டி470. பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். டி470இன் பிராசசர் 6 அல்லது 7ஆம் தலைமுறை. வின்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். வின்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழையது வாங்குபவர்கள் மூடியைப் பார்க்காமல் பிராசசர் எண்ணைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2

கணக்கு மென்பொருளை நிறுவ விடமாட்டேன் என்கிறது என்று ஓர் அக்கா எழுதினார். அவருடையது வின்டோஸ் "எஸ் மோட்". அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே நிறுவலாம். ஸ்டோர் வழியாகவே இலவசமாக வெளியே வந்துவிடலாம், ஆனால் மறுபடியும் உள்ளே போக முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை.

பின்சேர்க்கை 3

இது எனக்கே நேர்ந்தது. மாமாவின் கணினி ஒரு காலையில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்த பிறகு நீலத் திரையைக் காட்டி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. வட்டு தானாகவே மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்பட்டிருப்பது மாமாவுக்குத் தெரியாது, எனக்கும் அன்றுதான் உறைத்தது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு என் மாமா மகளின் மின்னஞ்சலில் இருந்தது. அவள் வகுப்பில் இருந்தாள். வாங்கிய முதல் நாளே அந்தச் சாவியை எடுத்து அச்சிட்டுவிடுங்கள். மாமாவுடையது இப்போது லோரியின் சாலைவரிக் கடிதங்களோடு அதே பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.