பூட்டிய வீட்டில் கரண்ட் போன வழி

ஆரையம்பதியில் பெரியம்மாவின் வீடு நாலு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் பில்லில் மாதம் 30 யூனிட். பெரியம்மா பென்சன் காசில் கட்டுகிறா, எனக்குப் பொறுக்கவில்லை.

மெயின் சுவிட்சை நிறுத்தினேன், மீற்றர் தட்டு நின்றது. களவுக் கம்பி இல்லை. திரும்பப் போட்டேன், அப்போதும் சுற்றவில்லை! விறாந்தையில் காத்திருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் கிணற்று மோட்டர் தானாக உறுமியது, தட்டு பறந்தது. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட்.

மேல்தாங்கியில் தண்ணீர் குறைந்தால்தான் அந்த மோட்டர் தானாக ஓடும். ஆளில்லாத வீட்டில் தண்ணீர் எங்கே போகிறது? கக்கூஸ் பிளஷ் தாங்கிக்குள் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்தேன். பத்து நிமிடத்தில் வெள்ளைக் கோப்பையில் மெல்லிய நீலக்கோடு வழிந்தது. பிளஷ் தாங்கியில் தண்ணீரை மறிக்கும் உள்றப்பர் வெடித்திருந்தது. புதுசு போட்டேன், மோட்டர் பிரேக்கரையும் இறக்கிவிட்டு வந்தேன்.