டோரியன் கிரேயைக் கெடுத்தது யார்? படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

நமக்குக் கதை என்றால் ஒரு கூனி வேண்டும். கைகேயி நல்லவள்தான், கூனி வந்து கெடுத்தாள் என்று சொல்லிவிட்டால் மனம் ஆறிவிடும். ஆஸ்கார் வைல்டின் ‘தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே’ நாவலிலும் பலர் சறுக்குவது இங்கேதான். டோரியன் என்ற இளைஞன் அழகு மாறாமல் இருக்க, அவனுக்குப் பதில் அவனைப் பார்த்துத் தீட்டிய ஓவியம் கிழடாகி, அவன் செய்யும் கேடுகளையும் முகத்தில் காட்டும் கதை அது. லார்ட் ஹென்றி என்ற வாய்ச்சாலகர் டோரியன் என்ற அந்த அப்பாவிப் பையனைக் கெடுத்தார், அவ்வளவுதான் கதை என்று முடித்துவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் படித்தேன்.

ஹென்றி பேசுகிறார், உண்மைதான். ஒருவர்மேல் செல்வாக்கு செலுத்துவதே ஒழுக்கக்கேடு என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்யவும் செய்கிறார். ஆனால் ‘நான் இப்படியே இருக்க வேண்டும், ஓவியம் கிழடாகட்டும், அதற்கு என் ஆன்மாவையே தருவேன்’ என்று வாய்விட்டு வேண்டுவது டோரியன். சாத்தான் வந்து கையெழுத்து வாங்கும் காட்சி எதுவும் நாவலில் கிடையாது. இன்னொன்று, சீடன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்பதே குருவுக்குத் தெரியாது. அந்த ஓவியத்தைத் தீட்டிய பேசிலை டோரியன் கொன்றுவிடுகிறான். பிறகு ‘பேசிலை நான்தான் கொன்றேன் என்றால் என்ன சொல்வீர்கள்?’ என்று அவன் கேட்கும்போது, அது உனக்குப் பொருந்தாத வேஷம் என்று ஹென்றி தள்ளிவிடுகிறார்.

அடுத்து ஓவியர் பேசில். நல்ல மனிதர், பாவம் செத்துப்போனார் என்று விட்டுவிடக் கூடாது. தான் அழகன் என்பது டோரியனுக்கு உறைப்பதே அவர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்த பிறகுதான். ஹென்றியின் பேச்சு பற்றிக்கொள்ளத் திரி தயாராக இருந்தது. அதைத் திரித்துவைத்தது பேசிலின் ஆராதனை.

டோரியன் விரும்பிப் பின் உதறிய சிபில் வேனைத்தான் அநியாயத்துக்குக் குறைத்துப் படிக்கிறார்கள். ஏமாந்த ஏழை நடிகை, அவ்வளவே என்று. டோரியன் பார்க்க வந்த அன்று அவள் ஏன் மோசமாக நடித்தாள்? அதுவரை மேடையில் அவள் நடித்த ஜூலியட்டின் காதல்தான் அவளுக்கு நிஜம். உண்மைக் காதல் வந்ததும் மேடை வெறும் வர்ணம் பூசிய தட்டியாகத் தெரிகிறது. டோரியன் காதலித்ததோ அந்த ஜூலியட்டை, சிபிலை அல்ல. கலையிலிருந்து அவள் வாழ்க்கைக்கு வர, வாழ்க்கையிலிருந்து அவன் கலைக்குள் போகிறான். இருவரும் எதிரெதிரே கடந்து போகிறார்கள். ஓவியத்தின் உதட்டில் முதல் கொடூரக் கோடு விழுவது இந்த இடத்தில். அவள் இறந்த செய்தி கேட்ட பிறகு விழுந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. அவளை உதறிவிட்டு வீடு திரும்பியதுமே அதைப் பார்த்துவிடுகிறான். சாவுச் செய்தி பிற்பாடுதான் வருகிறது.

கெட்டவன் பிறரையும் கெடுக்கிறான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பேசிலின் உடலைத் தடயமின்றி அழிக்க வேதியியல் தெரிந்த ஆலன் கேம்பெல்லை மிரட்டிப் பணியவைக்கிறான். கேம்பெல் பின்னர் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அங்கே கூனி டோரியன்தான்.

அப்புறம், ஹென்றியின் பொன்மொழிகளை ‘வைல்ட் சொன்னார்’ என்று போடுவது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது போதாதென்று கட்டுரைகளிலும் வருகிறது. தன்னைத் தானே பேசிலாக நினைப்பதாகவும், உலகம் தன்னை ஹென்றி என்று நினைப்பதாகவும் வைல்டே 1894-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தக் குழப்பம் அவருக்கு விளையாட்டாக முடியவில்லை. 1895-இல் அவர் தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் இந்த நாவலின் வரிகளை நீதிமன்றத்தில் வாசித்து அவரையே மடக்கப் பார்த்தார்.

கடைசியாக, கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1890-இல் பத்திரிகையில் வந்ததில் 13 அத்தியாயங்கள், 1891-இல் புத்தகமானபோது 20. கொலை நடக்கும்போது டோரியனின் வயதுகூட இரண்டிலும் ஒன்றல்ல. சிபிலின் தம்பி ஜேம்ஸ் வேன் புத்தகத்தில்தான் வருகிறான். அவனுடைய பழிவாங்கலைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு அடியில் 1890 என்று போட்டால், திருத்துபவர் சிரித்துவிடுவார்.